இராஜபாளையத்து வெண்மையும் கேளாச் செவியும்

கால்நடை மருத்துவர்கள், மரபியல் ஆய்வாளர்கள், தலைமுறை தலைமுறையாக நாய் வளர்க்கும் பெரியவர்கள் எல்லோரும் இன்று விருதுநகரில் கூடியிருக்கிறீர்கள். மரபியல் கருத்தரங்கை மெண்டலின் பட்டாணியில் தொடங்குவது வழக்கம். இந்த மாவட்டத்தில் நமக்குப் பட்டாணி எதற்கு? இராஜபாளையம் நாய் இருக்கிறதே!

பால்வெள்ளை உடல், ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண். 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற அழகு அது. அந்த வெண்மையைக் காக்க, ஓர் ஈத்தில் கருப்பாகவோ பழுப்பாகவோ புள்ளியோடோ பிறந்த குட்டிகளை ஒதுக்கினார்கள், கொன்றதும் உண்டு. அருகே வளர்க்கப்படும் சிப்பிப்பாறை என்ற இன்னோர் இன நாயிடமோ முயலை விரட்டும் ஓட்டத்தைப் பார்த்தார்கள். அதில் நிறம் பல. இங்கே நிறமே முதல் தகுதியாயிற்று. இராஜபாளையம் இனத்தில் காது கேளாத குட்டிகள் அதிகம் பிறப்பதை நீங்கள் அறிவீர்கள்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன உறவு? கருவில், முதுகுத்தண்டு உருவாகும் இடத்தை ஒட்டித் தோன்றும் நிறமிச் செல்கள் அங்கிருந்து உடலெங்கும் பரவுகின்றன. தோலுக்குப் போகிறவை நிறம் தருகின்றன. உட்செவிக்குப் போகிறவையோ அங்குள்ள திரவத்தில் பொட்டாசியம் அளவு குறையாமல் காக்கின்றன. அவை போய்ச் சேராத காதில், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியுணரும் செல்கள் அழிந்துவிடும். நீலக்கண் வெள்ளைப் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வினே எழுதிவிட்டார். காரணம்தான் பின்னால் தெரிந்தது.

“தாய்க்கும் கடுவனுக்கும் காது நல்லாக் கேக்குதே, குட்டி எப்படிச் செவிடாச்சு?” வளர்ப்போர் கேட்கும் நியாயமான கேள்வி இது. இந்தக் குறை மூன்றுக்கு ஒன்று என்ற பட்டாணிக் கணக்கில் அடங்குவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பெற்றோரில் வெளியே தெரியாதது குட்டியில் தெரியும். இன்னொன்று, ஒரு காது மட்டும் கேட்கும் நாயும் கைதட்டினால் திரும்பும். அதை நம்பி இணை சேர்க்கிறோம். சிவகாசிப் பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை: சரவெடிக்கும் அசையாத குட்டியைத் தைரியசாலி என்று கொண்டாடாதீர்கள், முதலில் காதைப் பாருங்கள்.

டால்மேஷன் நாய்களில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. பிறக்கும்போதே பெரிய கருந்திட்டோடு வரும் குட்டிகளில் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால் கண்காட்சி விதி அந்தத் திட்டையே குறை என்கிறது! நாமும் அதே தவற்றைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. நிறமுள்ள குட்டிகளையும் இனவிருத்தியில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கும் மின்முனைக் கருவிச் சோதனை இருக்கிறது. குட்டிக்கு ஐந்து வாரம் கடந்ததும் செய்யலாம். அதில் ஒரு காது தவறினாலும் அந்த நாயை இணை சேர்க்கக் கூடாது.

விலை குறையும் என்ற முணுமுணுப்பு பின்வரிசையில் கேட்கிறது. புள்ளிக் குட்டியை யார் வாங்குவார், சோதனைச் செலவை யார் ஏற்பார், ஈத்துப் பதிவேட்டை யார் வைத்திருப்பார் என்ற மூன்றையும் முதல் அமர்விலேயே எடுத்துக்கொள்வோம். வளர்ப்போர் முதலில் பேசட்டும்; ஆய்வாளர்கள் பிறகு.