இடம் மட்டும் போதுமா?

(பொத்தேரி கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணிக் குழு சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. "மறைமலைநகர் பக்கம் மூடிக் கிடக்குற கம்பெனி ஷெட்டை எடுத்து, மனநலம் பாதிச்ச பொம்பளைங்க தங்க இடம் பண்ணலாமே" என்று கேட்டீர்கள். நல்ல மனசோடு கேட்ட கேள்வி. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. தங்க இடம் இருந்தும் பாதுகாப்பு இல்லை.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. 'வீட்டில் சேர்க்கவில்லை, போக்கிடம் இல்லை' என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படியானால் அவர்கள் எங்கே போவது?

1993-ல் சென்னையில் தொடங்கிய 'பேனியன்' தொண்டு நிறுவனம் நம்ம கோவளத்திலும் வேலை செய்கிறது. 2015-ல் இவர்கள் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஊருக்குள் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து குடும்பம் போல இருக்கிறார்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், முடிந்தவர்கள் வேலைக்கும் போகிறார்கள். துணைக்கு ஒரு உதவியாளர் உண்டு. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை நல்ல முன்மாதிரியாக எடுத்துக் காட்டியது.

அப்போ ஷெட் வேண்டாமா? எடுக்கலாம். ஆனால் ஒரே கூடத்தில் ஐம்பது பாய் விரித்தால் அது பழைய கொட்டகைதான். தனித்தனி வீடாகத் தடுக்கணும். ஆளுக்கொரு பெட்டி, சொந்தச் சமையலறை, கழிப்பறை, காற்று வர ஜன்னல், வெளியேற இரண்டு வழி வேணும். பஸ்ஸும் கடையும் பக்கத்தில் இருக்கணும். வெயிலில் கொதிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றணும். இத்தனைக்கும் ஆகும் செலவைப் பார்த்தால், ஊருக்குள் வாடகை வீடு எடுப்பதே நமக்குச் சுலபம்.

அங்கேதான் சிக்கல். "அந்த மாதிரி ஆளுங்களுக்கா வீடு?" என்று தெருவே மறுத்தால் எந்தத் திட்டமும் நடக்காது. 'பைத்தியம்' என்ற பேச்சை முதலில் நம் வாயிலிருந்து எடுப்போம். காலி வீடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் யோசியுங்கள். பக்கத்து வீட்டுக்கு அப்படி ஒருத்தர் வந்தால், புதுக் குடித்தனக்காரரிடம் பேசுவது போலப் பேசுங்கள்.

உங்கள் வீட்டிலேயே யாருக்காவது தூக்கமில்லை, தனியே பேசுகிறார், சாக நினைக்கிறார் என்றால் மறைக்காதீர்கள். 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில், எந்தெந்த ஊரில் வீடு கிடைக்கும் என்று ஒவ்வொரு குழுவும் கேட்டு வந்து சொல்லுங்கள்.