தற்செயலும் தப்புக் கணக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். "கணக்கைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு முன்னாடியா?" என்றார். பயப்படாதீர்கள். போர்டு, சாக்பீஸ் எதுவும் கொண்டு வரவில்லை. ஒரு கணக்கும், அது தெரியாமல் நான் செய்த ஒரு தப்பும், அவ்வளவுதான்.

முதல் வருஷம் ஃபீஸ் கட்ட வரிசையில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வரிசையிலிருந்து யாராவது ஆறு பேரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து நிறுத்துங்கள். அந்த ஆறு பேரில், ஒருவரை ஒருவர் ஏற்கெனவே அறிந்த மூன்று பேர் இருப்பார்கள். இல்லையென்றால், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் இருப்பார்கள். இரண்டில் ஒன்று கட்டாயம். எந்த ஊர், எந்த வருஷம் என்பதெல்லாம் தேவையே இல்லை.

ஏன் என்று பார்ப்போம். ஆறு பேரையும் ஆறு புள்ளிகளாக வையுங்கள். தெரிந்தவர்களுக்கு நடுவில் சிவப்பு நூல், தெரியாதவர்களுக்கு நடுவில் நீல நூல். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட இந்தப் படத்தைத்தான் கணிதத்தில் கிராஃப் என்கிறார்கள். நாம் லேபில் கிராஃப் ஷீட்டில் போட்டோமே, அது வேறு. இப்போது முதல் ஆளைப் பாருங்கள். அவரிடமிருந்து ஐந்து நூல் போகிறது. நிறமோ இரண்டுதான். ஆகவே குறைந்தது மூன்று நூலாவது ஒரே நிறம். சிவப்பு என்றே வைத்துக்கொள்வோம். அந்த மூன்று நூலின் மறுமுனையில் இருக்கும் மூவரில் யாராவது இருவருக்கு நடுவே சிவப்பு இருந்தால், முதல் ஆளோடு சேர்த்து சிவப்பு முக்கோணம் வந்துவிட்டது. ஒன்றுகூட சிவப்பு இல்லையென்றால் அந்த மூவருமே நீல முக்கோணம். தப்பிக்க வழியே இல்லை!

ஐந்து பேர் என்றால் தப்பிக்கலாம். வட்டமாக நிறுத்தி, பக்கத்தில் நிற்பவரை மட்டும் தெரியும் என்று வைத்துப் பாருங்கள். எந்த நிறத்திலும் முக்கோணம் வராது.

இதன் பொதுவடிவத்தை நிரூபித்தவர் ஃபிராங்க் ராம்சே என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர். ஒரு வகைத் தர்க்க வாக்கியங்கள் முரணில்லாதவையா என்று கண்டுபிடிக்க வழி தேடி அவர் எழுதிய கட்டுரை 1930-ல் அச்சானது. அதில் துணைக்கு நின்ற ஒரு தேற்றம்தான் இது. அதே 1930-ல், 26 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அவருடைய தேற்றம் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால்: முழுமையான ஒழுங்கின்மை என்பது கிடையாது. கூட்டம் போதுமான அளவு பெரிதானால், நீங்கள் தேடும் அமைப்பு எங்கேயாவது ஒரு மூலையில் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் திட்டம் போட வேண்டியதில்லை.

மூன்று பேருக்கு ஆறு போதும். நான்கு பேர் வேண்டுமென்றால் 18 பேர் வேண்டும் என்று 1955-ல் நிரூபித்தார்கள். ஐந்து பேர் என்றால்? இன்று வரை யாருக்கும் சரியான விடை தெரியாது. 43-க்குக் குறையாது, 46-க்கு மேல் போகாது என்பது வரைக்கும்தான் வந்திருக்கிறார்கள். இத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் இந்த நிலைமை!

இங்கேதான் ஹங்கேரியில் பிறந்த பால் ஏர்டிஷ் 1947-ல் ஒரு வேலை செய்தார். 100 பேர் என்று வையுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் தெரிந்தவர், பூ விழுந்தால் தெரியாதவர். இப்போது பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்தால், அதில் 45 ஜோடிகள். 45-ம் ஒரே மாதிரி விழுவதற்கான வாய்ப்பு சுமார் 17 லட்சத்து 59 ஆயிரம் கோடியில் ஒன்று. 100 பேரிலிருந்து பத்துப் பேரை எடுக்கும் வழிகளோ சுமார் 17 லட்சத்து 31 ஆயிரம் கோடி. ஆக, அப்படிப்பட்ட குழுக்கள் சராசரியாக ஒன்றுக்கும் குறைவாகத்தான் வரும். குழுக்களின் எண்ணிக்கை அரையும் காலுமாக வர முடியாது. 0, 1, 2 என்றுதான் வரும். சராசரி ஒன்றுக்குக் கீழே என்றால், ஏதாவது ஒரு சுண்டலில் 0 வந்தே தீர வேண்டும். அதாவது, பத்துப் பேர் முழுக்கத் தெரிந்தவர்களாகவோ, முழுக்கத் தெரியாதவர்களாகவோ இல்லாத 100 பேர் கூட்டம் நிச்சயமாக உண்டு. அந்தக் கூட்டத்தை அமைத்துக் காட்டாமலேயே அது உண்டு என்று நிரூபித்துவிட்டார்! தற்செயலை வைத்து நிச்சயத்தைப் பிடித்த கதை இது.

சரி, இதில் என் தப்பு எங்கே வந்தது? சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், நான் இருந்த தொழிற்சாலையில் ஒரு கம்ப்ரஸர் அடிக்கடி ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. ஒரே வருஷத்தில் 12 தடவை. காரணம் கண்டுபிடித்து ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னார்கள். லாக் புத்தகத்தைப் புரட்டினேன். சுழற்சி முறையில் நான்கு குழுக்கள், நான்குக்கும் ஏறக்குறைய ஒரே வேலை நேரம். நியாயமாகக் குழுவுக்கு மூன்று வர வேண்டும். ஒரு குழுவின் பேரில் மட்டும் ஆறு! அந்தக் குழுவின் ஆபரேட்டர் ஐம்பது வயதுக்காரர். "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மெஷின் பக்கமே இல்லை, ஸ்டோர்ஸில் கணக்கு எழுதும் வேலை.

அவர் போன பிறகும் கம்ப்ரஸர் ட்ரிப் ஆனது. கடைசியில் ஓவர்ஹாலின்போது பிரித்துப் பார்த்தால், ஆயில் பிரஷர் ஸ்விட்சில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அதிர்வு வரும்போதெல்லாம் ஒயர் விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ரூபாய் ஸ்க்ரூ.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 12 ட்ரிப்பும் வெறும் தற்செயலாக நான்கு குழுக்கள் மேல் விழுந்தால், முன்கூட்டியே பேர் சொன்ன ஒரு குழுவுக்கு ஆறோ அதற்கு மேலோ விழ வாய்ப்பு சுமார் 18-ல் ஒன்று. ஆனால் நான் முன்கூட்டிப் பேர் சொல்லவில்லையே! புத்தகத்தைப் பார்த்த பிறகுதானே ஆளைப் பிடித்தேன்? நான்கில் ஏதாவது ஒரு குழுவுக்கு அப்படி விழ வாய்ப்பு 5-ல் ஒன்றுக்கும் மேல். அதைச் சாட்சியாக வைத்து ஒரு மனிதரின் பேரைக் கெடுத்திருக்கிறேன். குழுவில் எதுவும் கிடைக்காவிட்டால் கிழமை வாரியாகத் தேடியிருப்பேன், வெயில் மழை பார்த்திருப்பேன். தேடுகிறவனுக்கு ஏதாவது ஒன்று கிடைக்காமல் போகாது. ராம்சே சொன்னது அதே கணக்கு இல்லைதான். ஆனால் பாடம் ஒன்றுதான். ஆச்சரியப்படுவதற்கு முன்னால், தற்செயல் மட்டுமே இருந்தால் எவ்வளவு வரும் என்று ஏர்டிஷ் எண்ணிப் பார்த்தாரே, அதைத்தான் நான் செய்யவில்லை.

ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் அதற்குள் அவர் ரிட்டயர் ஆகியிருந்தார். வீடு தேடிப் போய், "அண்ணே, என் மேலதான் தப்பு" என்றேன். காபி கொடுத்து உட்கார வைத்தார். "விடுங்க சார், யாராவது ஒருத்தர் பேர்ல விழுந்துதானே ஆகணும்" என்றார்.

நான் இரவெல்லாம் உட்கார்ந்து போட்ட கணக்கு அந்த ஒரு வரியில் இருந்தது. அவர் விட்டுவிட்டார், என்னால் விட முடியவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் இன்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். அடுத்த தடவை "எல்லாம் இந்த ஆள் ஷிஃப்டில்தான் நடக்கிறது" என்று யாராவது புத்தகத்தை நீட்டினால், பேனாவைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் பேரில் விழாமல் இருந்திருந்தால், வேறு யார் பேரிலாவது விழுந்திருக்காதா? அந்தக் கணக்கைப் போட்ட பிறகும் சந்தேகம் இருந்தால், முதலில் போய் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.