அழகுக்கு வந்த உண்ணிச்செடி

புறத்திலிருந்து வந்து, கட்டுப்பாடின்றிப் பெருகி, ஓரிடத்தின் இயல்பான உயிர்களை ஒடுக்குபவை அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் எனப்படும். அவற்றுள் ஒன்றான, அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட உண்ணிச்செடி, 1826இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக அழகுச்செடியாக இலங்கைக்குள் நுழைந்து, பழங்களை உண்ணும் பறவைகளால் நாடெங்கும் பரவியது. ஹல்துமுல்லை மலைச்சரிவுகளுக்குத் தெற்கே தாழ்நிலத்தில் விரியும் உடவளவை தேசியப் பூங்காவில், அது அடர்ந்த புதராகி யானைகள் மேயும் புல்வெளிகளை மூடுவதோடு, தான் வெளியிடும் வேதிப்பொருள்களால் அயற்செடிகளின் முளைப்பையும் தடுக்கிறது. அதன் இலைகளிலுள்ள நச்சு, மேயும் கால்நடைகளின் ஈரலைத் தாக்குகிறது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் இச்செடியை, தோட்ட எல்லைகளிலும் கைவிடப்பட்ட நிலங்களிலும் காண்போர், அது காய்க்கும் முன்னரே வேரோடு அகற்றுவது நலம்.