நிலமும் நம் கையொப்பமும்

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஊரிலிருந்து வரும் செய்திகளுள் ஒன்று நெடுநாள் உறக்கத்தைக் கெடுக்க வல்லது. நிலத்துக்கு நல்ல விலை வந்திருக்கிறது, கையெழுத்துப் போட வர வேண்டும் என்பதே அது. பிழைப்பை நாடி வெளியேறிய நமக்கு அந்த நிலத்தால் வரும்படி மிகக் குறைவு. ஆயினும் அதை விட்டுவிட மனம் ஒப்புவதில்லை. விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற இக்கேள்விக்கு விடை தேடும்போது, புனே நகரின் கிழக்கே சோலாப்பூர்ச் சாலையில் உள்ள ஹடப்சரில் நிகழ்ந்ததை அறிந்திருப்பது நலம்.

இன்று ஹடப்சர் என்றால் கணினி நிறுவனங்களும் அடுக்கு மாடிகளுமே நினைவுக்கு வருகின்றன. முன்னர் அது கரும்பும் காய்கறியும் விளைந்த ஊர். கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் கால்வாய் அங்கே பாய்ந்தது. மகர் குலத்தாரும் அவர்களைச் சார்ந்தோருமாகச் சுமார் 120 குடும்பங்கள், அடுத்தடுத்து அமைந்த ஏறக்குறைய 400 ஏக்கர் நிலத்தை உழுது வந்தன. அவ்விடத்துக்கு மகர்பட்டா என்று பெயர்.

நகரம் வளர்ந்து வயலின் வரப்பைத் தொட்டது. 1982ஆம் ஆண்டின் வரைவுத் திட்டத்தில், அந்நிலங்கள் பிற்காலத்தில் நகரமாகக் கூடிய பகுதி என்று குறிக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. வரம்புக்கு மேற்பட்ட நிலத்தைச் சொற்ப ஈட்டுத்தொகைக்கு இழக்க நேருமோ என்ற அச்சம் ஒரு புறம். ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே அணுகி விலை பேசுவோர் மற்றொரு புறம். ஒருவர் விற்றால் அடுத்தவருக்கு நெருக்கடி. அவரும் விற்றால் மூன்றாமவருக்கு வழியே இல்லை. பெருநகரங்களை ஒட்டிய ஊர்கள் பலவும் இவ்வாறே துண்டு துண்டாகக் கரைந்தன.

மகர்பட்டா உழவர்கள் வேறு வழி கண்டனர். சதீஷ் மகர் என்பவர் முன்னின்று, குடும்பம் குடும்பமாகப் பேசி அவர்களை ஒன்றுசேர்த்தார். நிலங்கள் யாவும் ஒரே திட்டத்தில் இணைக்கப்பட்டன. ஒரு கம்பெனி நிறுவப்பட்டது. அவரவர் தந்த நிலத்தின் பரப்புக்கு ஏற்ப அதில் அவரவருக்குப் பங்கு கிடைத்தது. 1990களில் அரசின் இசைவு பெற்று, 2000ஆம் ஆண்டளவில் கட்டட வேலை தொடங்கிற்று. வீடுகள் விற்ற பணத்தில் பங்கு வந்தது. அலுவலகக் கட்டடங்கள் வாடகை ஈட்டின. உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் கட்டுமானப் பணிகளில் ஒப்பந்தம் எடுத்துத் தொழில் கற்றனர். பின்னர் சிங்ககட் சாலையில் சுமார் 700 ஏக்கரில் எழுந்த நாந்தேட் நகரும் இம்முறையைப் பின்பற்றியதே.

இதைக் கேட்டதும், ‘நாமும் அவ்வாறே செய்யலாமே’ என்று தோன்றும். அவசரப்படலாகாது. முதலாவது, மகர்பட்டாவில் உழவு நிலைத்துவிடவில்லை. கரும்பு போயிற்று, காய்கறி போயிற்று. நிலைத்தது நிலத்தின் மீதுள்ள உரிமையே. இரண்டாவது, பெருநகரம் வரப்பில் நின்றதால்தான் அந்த மதிப்பு வந்தது. திருவாரூரிலோ இராமநாதபுரத்திலோ நெடுஞ்சாலைக்கு எட்டாத மூன்று மா நிலத்துக்கு அந்தக் கணக்குச் செல்லாது. மூன்றாவதுதான் நாம் மிகவும் கருத வேண்டியது. அங்கே முடிவு செய்தவர்கள் அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்கள். ஒரே கோயில் திருவிழாவுக்கும் ஒரே வீட்டுக் கல்யாணத்துக்கும் கூடியவர்கள். நம் வழக்கமோ வேறு. நம்முள் ஒருவர் புனேயில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் தில்லியில் இருந்துகொண்டு, ஊரில் ஏர் பிடிக்கும் அண்ணனின் வாழ்வைத் தொலைபேசியில் தீர்மானிக்கிறோம்.

நான்கு பேருக்கு நான்கு பங்கு என்பது நியாயமே. ஆனால் மூன்று பங்கு விற்றுப் போனால், நான்காம் பங்கை வைத்துக்கொண்டு அந்த அண்ணன் என்ன செய்வார்? கிணறு யாருக்கு? வண்டிப் பாதை யாருக்கு? நமக்கு அந்நிலம் சேமிப்பு. அவருக்கு அது பிழைப்பு. ஆகையால் விலையைக் கேட்கும் முன் அவரை நாம் கேட்க வேண்டும். அவரே வாங்க விரும்பினால், தவணையிலாயினும் முதலில் அவருக்குக் கொடுப்பது முறை. அவரும் விற்க விரும்பினால் எல்லாரும் சேர்ந்து விற்பது நலம். சிதறிய துண்டுகளைவிடச் சேர்ந்த நிலத்துக்கே மதிப்பு மிகுதி என்பது ஹடப்சர் காட்டும் பாடம்.

சகோதரிகளை மறக்கலாகாது. தந்தை தாமே ஈட்டிய சொத்தில், உயில் இல்லாவிடில், மகளுக்கு 1956 முதலே மகனுக்கு நிகரான உரிமை உண்டு. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்திற்று. அதற்கு முன் மணமானவர்கள் அன்று விலக்கப்பட்டிருந்தனர். 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் அவ்விலக்கு இல்லை. தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. முன்பே முறைப்படி பாகப்பிரிவினை நடந்திராத வீடுகளில், சகோதரியின் ஒப்புதலின்றி விற்பது வழக்குக்கு வித்திடுவதாகும்.

வைத்துக்கொள்வதென்றால் அதற்கும் கடமைகள் உண்டு. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை பார்த்து வருவது நல்லது. குத்தகைக்கு விட்டிருந்தால் எழுத்தில் இருக்கட்டும். தம் உடலுழைப்பால் பயிரிடும் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அவரை நினைத்தபோது வெளியேற்ற இயலாது, அவ்வாறு எண்ணுவதும் அறமன்று. நேரில் போக முடியாமல் அதிகாரப் பத்திரம் கொடுப்போர், அது விற்பனைக்கு ஈடாகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் உரைத்ததை நினைவில் கொள்க. பதிவு செய்த கிரயப் பத்திரமே உடைமையை மாற்றும்.

விற்றுவிட்டு, நாம் வாழும் இடத்திலேயே வேறு நிலம் வாங்கலாம் என்று கருதுவோரும் உளர். மகாராஷ்டிரத்தில் உழவர் அல்லாதவர் அரசு அனுமதியின்றி விளைநிலம் வாங்க இயலாது. ஆகவே ஊரில் விட்ட நிலத்தை இங்கே பெறுவோம் என்ற நம்பிக்கையில் கையெழுத்திட வேண்டாம். பிள்ளையின் படிப்புக்கோ, பெற்றோரின் மருத்துவத்துக்கோ, குடியிருக்க ஒரு வீட்டுக்கோ விற்பது குறையன்று. பக்கத்து வீட்டார் விற்றுவிட்டார் என்பதற்காக விற்பதுதான் பின்னர் வருத்தும்.

எல்லா நிலத்தையும் காப்பாற்ற நம்மால் இயலாது. காப்பாற்றியே தீர வேண்டும் என்பதுமில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் ஒரே திண்ணையில் அமர்ந்து, உழுபவரை முதலில் பேசவிட்டு, பத்திரங்களைப் பிரித்துப் பார்ப்போம். அதன் பின் விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, உறவு முறியாது.