ஒரு கம்பெனி, இரண்டு முதலாளிகள்

தோட்டத்தில் இரண்டு குடும்பங்கள் கூடி ஒரு பசு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டார், "பாலை விற்று இன்னொரு பசு வாங்குவோம்" என்கிறார்கள். மற்ற வீட்டார், "முதலில் பிள்ளைகள் குடிக்கட்டும்" என்கிறார்கள். இருவர் சொல்வதும் நியாயந்தான். ஆனால் பசு ஒன்றுதானே! சிங்கப்பூரிலிருந்து பறந்த ஒரு விமானக் கம்பெனிக்கு நேர்ந்த வழக்கும் இதுதான். அதைப் பற்றி இன்று பார்ப்போம்.

1947ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, மலாயன் ஏர்வேஸ் என்ற கம்பெனி சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்திலிருந்து தன் ஒழுங்கான சேவையைத் தொடங்கியது. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கு விமானம் சென்றது. அதில் ஐந்து பேர்தாம் உட்காரலாம். நம்மவர்களோ அந்நாளில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறித்தான் இங்கே வந்துகொண்டிருந்தார்கள்.

1963இல் மலேசியா உருவானதும் கம்பெனியின் பெயர் மலேசியன் ஏர்வேஸ் என்று மாறியது. 1965இல் போர்னியோ ஏர்வேஸ் என்ற சிறிய கம்பெனி அதனோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. நாடு இரண்டாயிற்று, விமானக் கம்பெனி மட்டும் ஒன்றாகவே இருந்தது. 1966இல் இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து அதன் பெரும்பங்கை ஏற்றன. மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று இரு நாட்டின் பெயரும் சூட்டப்பட்டது.

இந்த முடிவு சரியா என்பதுதான் நம் கேள்வி.

மலேசியாவின் தேவை என்ன? சபா, சரவாக் உட்பகுதிகளில் அன்று சாலை இல்லாத ஊர்கள் பல. நோயாளியை ஆற்றில் படகு வைத்துக் கொண்டுபோக வேண்டும். அங்கே சிறிய விமானம் இறங்கினால் உயிர் பிழைக்கும். ஆனால் கம்பெனிக்கு இலாபம் வராது. சிங்கப்பூரின் தேவை வேறு. தீவுக்குள் விமானம் விட ஊர் ஏது? வெளிநாடுகளுக்குப் பறந்தால்தான் பிழைப்பு. அதிலும் பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக 1968இல் அறிவிப்பு வந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம்மவர் பலருக்கும் நாளைய கூலி எங்கே என்ற கவலை வந்தது. வேலைகளைப் புதிதாக உண்டாக்க வேண்டிய நெருக்கடி சிங்கப்பூருக்கு.

ஆகவே, இருக்கும் பணத்தில் பெரிய ஜெட் விமானம் வாங்குவதா, சிற்றூர்ச் சேவையைப் பெருக்குவதா என்ற பிணக்கு தீரவில்லை. பிரிவதென்று 1971இல் அறிவிக்கப்பட்டது. 1972 அக்டோபர் முதல் தேதி இரண்டு கம்பெனிகள் தனித்தனியே பறக்கத் தொடங்கின.

பங்கீடு எப்படி நடந்தது? போயிங் ஜெட் விமானங்களும் வெளிநாட்டுத் தடங்களும் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு வந்தன. 10 விமானங்களோடு அது தொடங்கியது. மாஸ் என்று நாம் அழைக்கும் மலேசியக் கம்பெனிக்கு உள்நாட்டுத் தடங்களும் ஃபோக்கர் முதலிய சிறிய விமானங்களும் கிடைத்தன. பெரிய பங்கு சிங்கப்பூருக்குப் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் அவரவர் தேவைப்பட்டதையே எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. மாஸ் தன் வெளிநாட்டுச் சேவையைப் புதிதாகக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. சிங்கப்பூர்க் கம்பெனிக்கோ விழுந்தால் தாங்க உள்நாட்டுத் தடம் ஒன்றுகூட இல்லை. இலாபம் வராவிட்டால் மூடவும் தயங்கமாட்டோம் என்று பிரதமர் லீ குவான் யூ எச்சரித்தார். அந்தக் கம்பெனிக்கு 1972 முதல் 1996 வரை தலைவராக இருந்தவர், கிள்ளானில் பிறந்த ஜே. ஒய். பிள்ளை என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

சரவாக், சபா சிற்றூர்ச் சேவையின் கதை அத்தோடு முடியவில்லை. 2006இல் அதை மாஸிடமிருந்து எடுத்து வேறொரு கம்பெனியிடம் கொடுத்தார்கள். ஓராண்டு சற்றுக் கடந்ததும், 2007 அக்டோபரில், மாஸ்விங்ஸ் என்ற மாஸின் துணைக் கம்பெனியிடம் அது திரும்பி வந்தது. நட்டத்தை யார் சுமப்பது என்ற பழைய கேள்வி அப்போதும் தீர்ந்தபாடில்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நாமும் கூட்டுறவுச் சங்கம் வைக்கிறோம். கூட்டாகக் கடை போடுகிறோம். அண்ணன் தம்பி சேர்ந்து லாரி வாங்குகிறோம். சேருவது நல்லது. சேருமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. கருத்து இரண்டுபட்டால் முடிவு சொல்வது யார்? இலாபமில்லாத, ஆனால் அவசியமான வேலைக்குச் செலவு யாருடையது? பிரிய நேர்ந்தால் எதை, எப்படிப் பங்கிடுவது?

அந்த விமானக் கம்பெனி பெயரைக் கூட்டி எழுதியது. நோக்கத்தைக் கூட்ட முடியவில்லை. ஆயினும் அடித்துக்கொண்டு அழியாமல், பங்கைப் பிரித்து, இரண்டு கம்பெனிகளாகப் பிழைத்தது. சேரத் தெரிவது போலவே முறையாகப் பிரியத் தெரிவதும் ஓர் அறிவுதான்.