உறைகளைத் திறக்கும் முன்னரே அளவுகோல் வேண்டும்

 

புலம்பெயர்ந்த மண்ணில் ஒரு சமூகம் வேரூன்றும்போது அதற்குக் கட்டடங்கள் தேவைப்படுகின்றன. ஆலயம், தமிழ்ப் பாடசாலை, முதியோர் இல்லம், சமூக மண்டபம் எனச் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் தமிழரின் கனவுகள் பல. அக்கனவுகளுக்குரிய பணம், வார இறுதியிலும் வேலைக்குச் சென்ற பெற்றோரின் உழைப்பிலிருந்து வருவது. அதனை எந்த ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்வதே கட்டடக் குழு ஒன்றின் மிகக் கடினமான பொறுப்பாகும். அம்முடிவு நேர்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. நேர்மையானது என்று எவருக்கும் எடுத்துக் காட்டக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். இதற்குப் பாடம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

சிட்னித் துறைமுகத்தில் நிற்கும் ஒபரா மாளிகையை அறியாதார் இல்லை. அதன் வடிவமைப்புக்காக நடத்தப்பட்ட போட்டிக்கு 233 வரைபுகள் வந்தன. 1957 ஜனவரியில் டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். வடிவத்தைத் தெரிவு செய்வதில் காட்டிய பொறுமை, கட்டத் தொடங்குவதில் காட்டப்படவில்லை. மாநிலத் தேர்தல் நெருங்கியிருந்த 1959 மார்ச் மாதத்தில், வரைபடங்கள் முழுமை பெறும் முன்னரே வேலை தொடங்கிற்று. முதற்கட்ட ஒப்பந்தம் சிவில் அன்ட் சிவிக் நிறுவனத்திடம் இருந்தது. 1961 ஜனவரியில் வேலை 47 வாரங்கள் பின்தங்கியிருந்தது. அடித்தளத் தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கா என்று பின்னர் அறியப்பட்டு, அவை மீண்டும் கட்டப்பட்டன. ஏறத்தாழ 7 மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்ட மாளிகை, 1973இல் திறக்கப்பட்டபோது 102 மில்லியன் டொலரை விழுங்கியிருந்தது.

இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம் தெளிவானது. எதைக் கட்டப் போகிறோம் என்பது முடிவாகாத நிலையில், யார் குறைந்த விலைக்குக் கட்டுவார் என்று ஒப்பிட இயலாது. ஒவ்வொருவரும் தத்தம் கற்பனைக்கு விலை கூறுவர். அவ்விலைகளை ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

அம்மாளிகையிலேயே இன்னொரு வழக்கும் எழுந்தது. அரங்குகளின் உட்புற ஒட்டுப்பலகை வேலையை ரல்ப் சைமன்ட்ஸ் நிறுவனத்திடமே கொடுக்க உட்சன் விரும்பினார். அத்துணைப் பெரிய பலகைகளைச் செய்யும் ஆற்றல் அந்நிறுவனத்திற்கே உண்டு என்பது அவர் வாதம். பொதுப்பணம் ஆதலால் போட்டி விலைமனு கோரியே ஆக வேண்டும் என்பது அமைச்சர் டேவிஸ் ஹியூஸின் நிலை. இதுவும் கட்டணம் பற்றிய பிணக்கும் சேர்ந்து முற்ற, 1966 பெப்ரவரியில் உட்சன் பதவி விலகினார். இருவர் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆற்றல் ஒருவரிடமே இருக்கலாம். ஆயினும் அதனை நிறுவும் கடமை அவரைப் பரிந்துரைப்பவருடையது. அக்கூற்றை எழுத்தில் பெற்று, சார்பற்ற ஒரு நிபுணரிடம் சோதித்து, காரணத்தைப் பதிவு செய்த பின்னரே போட்டியைத் தவிர்க்கலாம்.

மெல்பேர்ணின் அனுபவமோ அண்மைக்காலத்தது. கிழக்கு மேற்கு இணைப்புச் சாலைக்கான ஒப்பந்தம் 2014 செப்டெம்பரில், மாநிலத் தேர்தலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களே இருக்கையில், கைச்சாத்திடப்பட்டது. செலவிடும் ஒவ்வொரு டொலருக்கும் 45 சதமே பயன் கிடைக்கும் என்று கூறிய தொடக்க மதிப்பீடு, தேர்தல் முடிந்த பின்னரே மக்கள் பார்வைக்கு வந்தது. புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது. கட்டப்படாத அச்சாலைக்கு 1.1 பில்லியன் டொலருக்கு மேல் செலவாயிற்று என்று மாநிலக் கணக்காய்வாளர் தலைமையதிபதி 2015 டிசம்பரில் அறிக்கையிட்டார். அவசரமும் மறைப்பும் சேர்ந்தால், எத்துணைத் திறமையான ஒப்பந்தக்காரராலும் மக்கள் பணத்தைக் காக்க முடியாது.

இவையெல்லாம் மேலைநாட்டு நிர்வாக முறைகள், தமிழர்க்குப் புதியவை என்று எண்ணுதல் தவறு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரியும் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என அவை விதித்தன. உறவு நீதியைச் சாய்க்கும் என்பதைப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

சிறிய சமூகத்தில் இவ்வாபத்து இன்னும் பெரிது. விலை கூறுபவர் ஒருவரின் மைத்துனராக இருப்பார். மற்றொருவரின் ஊரவராகவோ பள்ளித் தோழராகவோ இருப்பார். அது குற்றமன்று, மறைப்பதே குற்றம். உறவுடையவர் அதனை அறிவித்து, அம்மதிப்பீட்டிலிருந்து விலகி நிற்றல் வேண்டும்.

விலைமனு கோரும் முன்னரே அளவுகோலையும் அதற்குரிய புள்ளிகளையும் குழு எழுதி வைத்தல் நன்று. விலைக்கு எத்தனை, அனுபவத்திற்கு எத்தனை, பாதுகாப்புக்கும் காலவரையறைக்கும் எத்தனை என்பது அனைத்து ஒப்பந்தக்காரருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒருவர் கேட்ட ஐயத்திற்கு அளிக்கும் விடை எல்லோருக்கும் அனுப்பப்பட வேண்டும். விலை உறையைத் தனியே வைத்து, தகுதிக்குப் புள்ளியிட்ட பின் திறப்பது இன்னும் சிறப்பு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளியிட்டு, பின்னர் கூடிப் பேசுதல் வேண்டும்.

மிகக் குறைந்த விலை எப்போதும் மலிவானதன்று. எடுத்துக்காட்டாக, ஒருவர் 1.8 மில்லியன் டொலரும் மற்றவர் 2.1 மில்லியன் டொலரும் கேட்கலாம். முதலாமவர் வாகனத் தரிப்பிடத்தையும் வடிகாலையும் விலக்கியிருந்து, அவற்றுக்கு 4 இலட்சம் டொலர் தேவைப்படுமாயின், அவரது உண்மை விலை 2.2 மில்லியன். விலக்கப்பட்டவை எவை என்று கேளாத குழு, மலிவு என நம்பி அதிகம் கொடுக்கும். உரிமம், காப்புறுதி, முன்பு செய்த வேலைகள் ஆகியவற்றைக் கேட்டறிவதும், அங்கு நேரிற் சென்று பார்ப்பதும் இன்றியமையாதவை. தெரிவு பெறாதவருக்கும் காரணம் கூறப்பட வேண்டும். அவர் நாளையும் நம்மவரே.

இளையோரே! உங்களிற் பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், சட்டம் பயின்றோரும் உளர். குழுக்களில் அமர்ந்து வினா எழுப்புங்கள். பெற்றோரே! பிள்ளைகள் கேட்கும் கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். மண்டபத்தின் சுவரில் வெடிப்பு விழுந்தால் பூசி விடலாம். ஏன் இவரைத் தெரிந்தீர்கள் என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இல்லாதபோது சமூகத்தில் விழும் வெடிப்பு, தலைமுறைகள் கடந்தும் மூடாது.