கேன் ரிட்ஜின் மரக்கோயில்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரிலிருந்து வடகிழக்கே போகும் சாலை கண்ணுக்கு விருந்து. இருபுறமும் குதிரைப் பண்ணைகள், சுண்ணாம்புப் பாறையின் மேல் செழித்த புல்வெளி, சாந்து பூசாமல் அடுக்கிய கல்வேலிகள். பாரிஸ் என்ற சிற்றூரைத் தாண்டிக் கிழக்கே கிராமத்துச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கேன் ரிட்ஜ் வந்துவிடும்.

முதலில் தெரிவது இளமஞ்சள் சுண்ணாம்புக்கல் மண்டபம். 1957இல் கட்டியது. அதன் கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கட்டடம் முழுதாக நிற்கிறது. 1791இல் பிரெஸ்பிட்டேரியன் சபையார் எழுப்பிய மரக்கோயில் அது. மழையும் வெயிலும் படாமல் காக்கவே வெளியே இந்தக் கல்மண்டபம். ஐம்பதடி நீளம், முப்பதடி அகலம், முழுவதும் ஒரே அறை. நீல ஆஷ் மரத்தைச் செதுக்கி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி அடுக்கியிருக்கிறார்கள். மரக்கட்டைகளால் ஆன ஓரறைக் கட்டடங்களில் வட அமெரிக்காவிலேயே இதுதான் பெரியது என்று சொல்வதுண்டு.

இதைக் கட்டியவர்கள் மலை தாண்டி வந்த குடியேறிகள். பெரும்பாலோர் ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து வம்சாவளியினர். ராபர்ட் ஃபின்லி என்ற போதகரின் தலைமையில் 1790இல் வந்து காடு திருத்தினார்கள். கென்டக்கி அப்போது தனி மாநிலம்கூட ஆகவில்லை; 1792இல்தான் ஆனது. ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே ஷானி முதலிய பூர்வகுடிகளோடு போர் ஓயாத காலம். எல்லைப்புறத்தில் சொந்த வீடே சரியாக அமையாத நிலையில், வந்த மறு ஆண்டே இவ்வளவு பெரிய கோயில் எழுந்திருக்கிறது. சபையும் வேதமும் அவர்களுக்கு எவ்வளவு அவசியமாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1796இல் பார்ட்டன் ஸ்டோன் என்ற இளைஞர் இங்கே ஊழியத்துக்கு வந்தார். வயது இருபத்துமூன்று. இரண்டாண்டு கழித்து அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும்போது, சபையின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை ஏற்கிறீரா என்று வழக்கப்படி கேட்டார்கள். தேவ வசனத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு ஏற்கிறேன் என்றார் ஸ்டோன். அந்தப் பதிலோடே பட்டமும் கொடுத்தார்கள். பின்னால் வரப்போகும் பிளவின் விதை அந்தப் பதிலிலேயே இருந்தது.

1801 ஆகஸ்ட் மாதம். திருவிருந்து ஆராதனைக்கு நாள் குறித்தார்கள். நற்கருணையை நாள்கணக்கில் உபவாசம், பிரசங்கம், பந்தி என்று ஊர்கூடி நடத்துவது ஸ்காட்லாந்துப் பழக்கம். நம்மூர்த் தேர்த்திருவிழா போல அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வரும். ஆனால் இந்த முறை வந்த கூட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்தாயிரம் என்றும் இருபதாயிரத்துக்கு மேல் என்றும் பார்த்தவர்கள் எழுதி வைத்தார்கள். அப்போது மாநிலத்திலேயே பெரிய ஊரான லெக்சிங்டனில் இருந்தவர்கள் ஆயிரத்து எண்ணூறு பேர்தான்.

கோயில் கொள்ளவில்லை. வெளியே மரநிழலில் மேடை போட்டார்கள். அதுவும் போதாமல் போதகர்கள் அடிமரத்திலும் வண்டியிலும் ஏறி நின்று பேசினார்கள். பிரெஸ்பிட்டேரியன் போதகர்களோடு மெதடிஸ்ட்களும் பாப்டிஸ்ட்களும் பிரசங்கித்தார்கள். கேட்டவர்கள் கதறினார்கள், பாடினார்கள், மயங்கி விழுந்தார்கள். இரவிலும் பந்தங்களும் மெழுகுவத்திகளும் எரிந்தன. கோயிலுக்குள்ளே மட்டும் பழைய ஒழுங்கு மாறவில்லை. மூப்பர்கள் விசாரித்துத் தகுதி என்று கண்டவர்களுக்கு ஈய வில்லை கொடுப்பார்கள். அதைக் காட்டியவர்களே நீண்ட மேசையில் முறைவைத்து அமர்ந்து அப்பமும் திராட்சரசமும் பெற்றார்கள். ஒரு வாரம் நெருங்கியபோது சுற்றுவட்டாரத்தில் உணவும் தீவனமும் தீர்ந்துபோய்விட்டன. கூட்டம் கலைந்தது.

உணர்ச்சிப் பெருக்கும், எல்லாருக்கும் இரட்சிப்பு உண்டு என்ற பிரசங்கமும் பிரெஸ்பிட்டேரியன் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. விசாரணை வரவே, ஸ்டோனும் தோழர்களும் விலகி ஸ்பிரிங்ஃபீல்ட் பிரெஸ்பிட்டரி என்று தனி அமைப்புக் கண்டார்கள். ஒரு வருஷத்துக்குள் அதுவும் வேண்டாம் என்று தோன்றியது. 1804 ஜூன் 28 அன்று இதே கேன் ரிட்ஜில் அந்த அமைப்பின் உயில் கையெழுத்தானது. மனிதன் சாகும்போது எழுதும் உயிலைப் போலவே ஆறு போதகர்கள் தங்கள் அமைப்பைத் தாங்களே கலைத்து எழுதியது. இனிமேல் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் ஒன்றே போதும் என்றார்கள். கிறிஸ்தவ சபை வரலாற்றில் இவ்வளவு துணிச்சலான தாள்கள் அதிகமில்லை. ஆனால் அந்த அறுவரிலேயே இருவர் ஷேக்கர் என்ற வேறொரு குழுவில் சேர்ந்தார்கள், இருவர் பழைய பிரெஸ்பிட்டேரியன் சபைக்கே திரும்பினார்கள். ஒற்றுமை நாடிய ஸ்டோனின் வழியிலிருந்து இன்று டிசைப்பிள்ஸ் ஆஃப் கிறைஸ்ட் உட்படத் தனித்தனியாக மூன்று கிளைகள் நிற்கின்றன. 1844இல் மிசௌரி மாநிலத்து ஹனிபலில் இறந்த ஸ்டோனின் உடலை 1847இல் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

கோயிலுக்குள் அண்ணாந்து பாருங்கள். உயரே ஒரு மாடம். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கான இடம் அது. அன்று உள்ளேயிருந்து படிக்கட்டு கிடையாது. வெளியே ஏணி வைத்து, சன்னல் வழியே ஏறி நுழைய வேண்டியிருந்தது. 1801 கூட்டத்திலும் அவர்கள் தனியே கூடித்தான் பிரசங்கம் கேட்டார்கள். ஸ்டோன் தமக்கு வாரிசுரிமையாக வந்த அடிமைகளை விடுதலை செய்தவர். அடிமைமுறை பாவம் என்று வாதிட்டவர். இருந்தும் அவர் நின்று பேசிய கோயிலிலேயே அந்த மாடம் இருந்தது. 1829இல் கோயிலைப் புதுப்பித்தபோது அதைக் கழற்றி, பக்கத்துத் தொழுவத்தில் வைக்கோல் பரணாக மாட்டிவிட்டார்கள். நூறு வருஷம் அங்கே வைக்கோல் சுமந்தது. அதே மரங்களை 1932இல் தேடி எடுத்து, பழைய இடத்திலேயே பொருத்தினார்கள்.